சப்தம் எழுப்பாதவர்

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோவிலில் சனிக்கிழமை மாலை பாட்டு ஒத்திகை. பாங்க்கிலிருந்து திரும்பும் வழியில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வேன். இருபது பேர் பாடுகிறார்கள். எதிரே நிற்பவர் பாடுவதில்லை. ஒரு பையனின் குரல் துருத்திக்கொண்டு வந்தால் அவருடைய இடது கை மெல்லத் தாழ்கிறது, குரலும் தாழ்கிறது. வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று பெயரிட்டுக் கலம்பகம் பாடிய ஊர் இது. எனக்கோ இங்கே எம்.பி. சீனிவாசன் ஞாபகம்தான் வருகிறது.

அவரை நான் பார்த்ததில்லை. 1988ல் லட்சத்தீவில் அவர் இறந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. நம்மில் பலருக்கு அவர் 1960ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்தில் ஜெயகாந்தனின் பாட்டுக்கு மெட்டமைத்தவர். இன்னும் சிலருக்கு அடூர் கோபாலகிருஷ்ணனின் 'எலிப்பத்தாயம்' படத்துக்கு இசையமைத்தவர். ஆனால் அவருடைய முக்கியமான காரியம், எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் அவர் உருவாக்கிய இளைஞர் சேர்ந்திசைக் குழு. பத்துப் பேர் கூடி ஒரே மெட்டைப் பாடுவது நமக்குப் புதிதல்ல. பஜனை மடத்தில் பாடியிருக்கிறோம். எம்.பி.எஸ். பாரதியின் பாடல்களைக் குரல்வாரியாகப் பிரித்துக்கொடுத்தார். பக்கத்துக் குரல் வேறொரு ஸ்வரத்தில் நிற்கும். அதைக் கேட்டுக்கொண்டே தன் ஸ்வரத்தில் நிற்க வேண்டும். ஒரு வித்வான், அவருக்குப் பக்கவாத்தியம் என்றே பழகிய நமக்கு இது கஷ்டமான பயிற்சி. நம் இலக்கியச் சூழலில் இதைவிடக் கஷ்டம்.

கண்டக்டர் என்றால் நமக்கு டிக்கெட் கொடுப்பவர். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு ஹென்றி வுட் முகம் கொடுத்தார். 1895ல் லண்டனில் தொடங்கிய ப்ராமனேட் கச்சேரிகளை 1944ல் இறக்கும்வரை விடவில்லை. அவருடைய வாத்தியக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. வேறிடத்தில் கூடுதல் கூலி கிடைத்தால் ஒத்திகைக்கு மாற்றாளை அனுப்பிவிடுவார்கள். 1904ல் வுட்டும் நிர்வாகி ராபர்ட் நியூமனும் இனி மாற்றாள் கூடாது என்றார்கள். நாற்பது பேருக்கு மேல் வெளியேறித் தாங்களே நிர்வகிக்கும் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். வுட் கேட்டது நியாயம். மாற்றாள்களை வைத்துக்கொண்டு சிம்பனி வாசிக்க முடியாது. 1913ல் பெண்களைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டவரும் அவர்தான். இன்றும் அந்தக் கச்சேரிகளின்போது அவருடைய மார்பளவுச் சிலை ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் வெளியேறியவர்களுக்கும் வீட்டு வாடகை இருந்தது.

எம்.பி.எஸ். அந்த வாடகையிலிருந்து ஆரம்பித்தவர். சென்னை சினிமா வாத்தியக்காரர்கள் வாசித்த கூலிக்கு நடையாய் நடந்த காலத்தில் அவர்களைச் சங்கமாகத் திரட்டியதில் அவர் முன்னால் நின்றார். கையை உயர்த்தி ஒருவனை வாசிக்கச் சொல்கிறவருக்கு அவன் வீட்டு உலையைப் பற்றியும் பொறுப்பு உண்டு என்று நினைத்திருக்கிறார். அவருக்குச் சிலை இருக்கிறதா என்பது முக்கியமில்லை. சேர்ந்து பாடப் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

விமர்சகனும் சப்தம் எழுப்பாதவன்தான். சில வருஷங்களுக்கு முன் ஒரு இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதினேன். வுட்டைப் போல நியாயமாகத்தான் கேட்டேன். எழுதியதில் ஒரு வரியைக்கூட இன்றும் மாற்றமாட்டேன். அதற்குப் பிறகு அவர் எழுதவில்லை. காரணம் நான்தானா என்று விசாரிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

போன சனிக்கிழமை அந்தப் பையன் கை தாழ்ந்ததும் பாடுவதையே நிறுத்திவிட்டான். எதிரே நின்றவர் எல்லோரையும் நிறுத்தினார். கோபிக்கவில்லை. கையை உயர்த்தி, அவன் மூச்சு இழுக்கும்வரை அப்படியே வைத்திருந்தார். பிறகுதான் மற்றவர்கள் தொடங்கினார்கள்.

அன்றிரவு அந்தக் கவிஞருக்கு ஒரு கடிதம் எழுதினேன். என்னிடம் இருப்பது அவருடைய பழைய முகவரி.