முதலில் ‘கொடுமுடி’

புது நிரல்மொழியோ, எடிட்டரோ, கீபோர்டோ, எது கைக்கு வந்தாலும் முதலில் ‘கொடுமுடி’ என்று தட்டிப் பார்ப்பேன். காவிரிக் கரையில் இருக்கும் ஊர் அது. எனக்கு அங்கே சொந்தபந்தம் யாரும் இல்லை. ஒரு தேடலில் அந்த ஊர் கிடைக்காமல் போனதிலிருந்து வந்த பழக்கம்.

அப்போது ஒரு நிறுவனத்துக்காக ஊர்ப் பட்டியலை வைத்து மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். பட்டியலில் கொடுமுடி கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது. கரூர் வருகிறது, பவானி வருகிறது, ஈரோடு வரவில்லை. ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டு ‘கொ’வையும் எண்களாகப் பிரித்து அருகருகே வைத்தபோதுதான் பிடிபட்டது. நான் தட்டியதில் ககரத்துக்குப் பின் ஒகரக்குறி ஒரே எண். பட்டியலில் இருந்ததில் ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி. பழைய எழுத்துரு முறையிலிருந்து மாற்றிய தரவு அது. திரையில் இரண்டுக்கும் இம்மியும் வித்தியாசம் தெரியாது. ஒகர ஓகாரம் உள்ள ஊர்களெல்லாம் அப்படித்தான் காணாமல் போயிருந்தன.

இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு விதி வைத்திருக்கிறது. ஆனால் அந்த விதியை நடத்த வேண்டியவர் நிரல் எழுதுபவர்தான். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் இரண்டையும் ஒரே வடிவமாக்க, அதாவது ‘நார்மலைஸ்’ செய்ய, ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, அதனால் என்னிடம் வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லிவிடுகிறேன். ஸ்ரீரங்கம் இன்னும் பிடிவாதம். ஸகரத்தில் தொடங்கும் ‘ஸ்ரீ’யும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ‘ஶ்ரீ’யும் பல எழுத்துருக்களில் ஒரே உருவம். அந்த ஒரு வரி இதற்கு உதவாது. நாமே தனியாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

அடுத்த சோதனை, ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மூன்று எழுத்து என்று சொல்லும். பைத்தான் ஐந்து என்கிறது: த, ம, இகரக்குறி, ழ, புள்ளி. ஸ்விஃப்ட் மூன்று என்று சரியாகச் சொல்கிறது, அந்த மொழிமேல் எனக்குப் பிரியம் வந்தது அதனால்தான். பைத்தானில் அந்தச் சொல்லை அப்படியே திருப்பிப் போட்டால், தொடக்கத்தில் ஒட்ட இடமில்லாத புள்ளி வெற்று வட்டத்தின் மேல் ஏறி நிற்கும். மகரத்தோடு இருந்த இகரம் ழகரத்துக்குத் தாவி ‘ழிமத’ என்று முடியும். எழுத்தை முறையாகப் பிரிக்கும் வசதி ஜாவாஸ்கிரிப்டில் வந்து, 2024இல் ஃபயர்பாக்ஸும் அதை ஏற்ற பிறகு எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனாலும் எல்லா இடத்திலும் மூன்றுதான் சரி என்று சொல்லமாட்டேன். ‘கொ’வுக்குப் பதில் ‘கோ’ தட்டிவிட்டால் பேக்ஸ்பேஸ் குறியை மட்டும் அழித்து ககரத்தை விட்டுவைக்கிறது. எழுதுகிறவருக்கு அதுதான் வசதி. எண்ணும்போது முழு எழுத்து வேண்டும், திருத்தும்போது பாதி எழுத்து வேண்டும்; தமிழில் நாளெல்லாம் தட்டுகிறவருக்குத்தான் இது தெரியும்.

கணினிக்குள் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். ‘தமிழ்’ என்றால் பதினைந்து. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூ ஜெர்சி உணவகம் ஒன்றில், மேசை விரிப்புத் தாளில் எழுதி வகுத்த முறை அது. ஆங்கில எழுத்துக்கு ஒரே பைட் என்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. உலகத்து எழுத்துகள் எல்லாம் ஒரே கோப்பில் உட்கார அது வழி செய்தது. டோக்கன் விஷயத்தில்தான் மனத்தாங்கல் இருந்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உரையை டோக்கன் என்னும் துண்டுகளாக வெட்டி, அந்தக் கணக்கில்தான் காசு வாங்குகின்றன. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய மாதிரித் தமிழ்ப் பத்தி, பழைய முறையில் 116 டோக்கன், புதியதில் 35. மனசு வைத்தால் குறைக்க முடியும் என்று அன்று தெரிந்தது.

டெர்மினல்கள் பலவற்றில் தமிழ் இன்னும் வரிசை பிசகித்தான் விழுகிறது. அதற்கு ஒரு நாள் உட்கார வேண்டும்.

போன மாதம் இரண்டு பாதியாகப் பிரிந்த கீபோர்டு வாங்கினேன். எந்த விசைக்கு என்ன வேலை என்பதை நாமே எழுதி உள்ளே ஏற்றலாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறைக்கு இது அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது: உயிரெழுத்தெல்லாம் இடது பாதி, வகரம், ஙகரம் தவிர மெய்யெல்லாம் வலது பாதி. ‘அம்மா’வுக்கு நாலே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழும். வலது மூலையில் சுண்டுவிரல் எட்டிப் பிடிக்க வேண்டிய ழகரத்தை மட்டும் கட்டைவிரலுக்கு மாற்றிக்கொண்டேன்.

பிறகு வழக்கம்போல் தட்டிப் பார்த்தேன். க, ஒ, ட, உ, ம, உ, ட, இ. வலது, இடது, வலது, இடது என்று எட்டு விசையும் கை மாறி மாறி விழுந்தன. உள்ளே எண்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒகரக்குறி ஒரே எண்ணாக இருந்தது.