நாலு முழ நரம்பு

தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் ஒரு கரையில் கூடினால் அங்கே நடைபெறும் சம்பாஷணை பெரும்பாலும் இரையைப் பற்றியதாகவே இருக்கும். கோழிக்குடலை எத்தனை நாழிகை வெயிலில் வைக்க வேண்டும், மாவு உருண்டையில் பெருங்காயம் சேர்ப்பதா ஏலக்காய் சேர்ப்பதா, எந்தக் கொட்டிலின் சாக்கடையோரத்து மண்புழுவுக்கு மீன் தப்பாமல் வரும் என்பன போன்ற விஷயங்களில் ஆளுக்கொரு சித்தாந்தம் உண்டு. அதை அவர்கள் பரம ரகசியமாகப் பாதுகாப்பதும், பாதுகாத்துக்கொண்டே எல்லாரிடமும் சொல்லிவிடுவதும் நான் எத்தனையோ முறை கண்ட வேடிக்கை. ஆனால் கழியின் நுனியிலிருந்து முள் வரையில் இறங்குகிறதே, அந்த நரம்பைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கடைக்காரர் அளந்து கொடுத்தது எதுவோ அதுவே நரம்பு. கெளுத்தி பிடிக்கும் காரியத்தில் இது தலைகீழான வழக்கம் என்பது என்னுடைய அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்கு நான் வந்து சேர்ந்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல.

என் தாய்மாமன் வீடு கொள்ளிடத்தின் தென்கரையில், ஆர்தர் காட்டன் கட்டுவித்த கீழணைக்குச் சற்று மேற்கே, ஒரு சிற்றூரில் இருந்தது. மேட்டூர் நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் வடியும் ஆடி, ஆவணி மாதங்களில், கோடை முழுதும் வெறும் மணலாகக் கிடந்த ஆறு செம்மண் கரைத்தாற்போலப் பெருகி வரும். அந்தக் கலங்கல் வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மாமா பரணிலிருந்து தூண்டிற்கழியை இறக்குவார். தெளிந்த நீரில் தூண்டில் போடுவது கெண்டைக்கு ஆகும், கெளுத்திக்குக் கலங்கல்தான் கல்யாண முகூர்த்தம் என்பது அவருடைய வாக்கு.

அந்த வாக்கின் நியாயம் மீனின் உடலிலேயே எழுதியிருக்கிறது. கெளுத்திக்குச் செதில் கிடையாது. வாயைச் சுற்றி எட்டு மீசை. சேறும் இருட்டும் அதற்கு வாசஸ்தலம். மனிதனுக்குப் பெரும்பாலும் நாவில் உள்ள சுவை மொட்டுகள் அந்த மீசைகளிலும் மேனித் தோலிலும் பரவிக் கிடப்பதால், அது உடம்பெல்லாம் நாவாக ஆற்றின் அடியில் ஊர்ந்து திரிகிறது என்று சொல்வது அலங்காரமல்ல, பிரத்தியட்ச உண்மை. காற்றுப்பையிலிருந்து உட்செவிக்குச் சிறு எலும்புகளின் சங்கிலி ஒன்று ஓடுவதால் அதன் செவியும் கூரியது. கரையில் தொப்பென்று காலை வைத்தால் மாமா திரும்பி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். கண்ணை நம்பாமல் மணத்தையும் சுவையையும் நம்பி வாழும் ஜீவனுக்கு இரை தேடுவது, யோசித்துப் பார்த்தால், எளிய காரியம். நீரில் கரைந்து பரவக்கூடிய சாரம் எதில் இருக்கிறதோ அது போதும். வாழைக்கொல்லை ஈரத்தில் தோண்டிய மண்புழு, நத்தைச் சதை, கூனி இறால், அரை நாள் வைத்த கோழிக்குடல் எல்லாம் அதற்குச் சம்மதமே. கோழி ஈரல் உத்தமம், ஆனால் முள்ளில் நிற்காது. பருத்தி நூலால் நாலு சுற்றுச் சுற்ற வேண்டும். மண்புழுவையும் நடுவில் ஒரு குத்துக் குத்தித் தொங்கவிடாமல், முள்ளின் வளைவு முழுதும் மறையும்படி உறைபோல் ஏற்றி, கடைசி ஓர் அங்குலத்தை மட்டும் நெளிய விட்டால் சிறு மீன்கள் பறித்துக்கொண்டு ஓடுவது குறையும்.

இரையைத் தொடுமுன் மாமா ஆற்றுச் சேற்றாலேயே கையைத் தேய்த்துக் கழுவுவார். அன்றைக்குச் சோப்பு ஆகாது. தூண்டிலைப் போட்டு முடிக்கிற வரையில் வெற்றிலையோடு புகையிலையும் ஆகாது. புகையிலையை விடும்படி அத்தை இருபது வருஷம் மன்றாடியும் நடக்காத காரியம், கெளுத்தியின் பொருட்டு நாள்தோறும் இரண்டு நாழிகை நடந்தது.

வாளையின் கதை வேறு. ஆங்கிலேயர் அதற்கு நன்னீர்ச் சுறா என்று பெயரிட்டது மிகையன்று. அகன்று பிளந்த வாயும், அதற்குள் வரிசை வரிசையாக நெருங்கிய பற்களும், ஆள் உயரத்தை எட்டும் நீளமுமாக மடுவின் ஆழத்தில் கிடந்து, அந்தி சாய்ந்தபின் வேட்டைக்கு எழும்பும் அந்த மீன் செத்த இரையைவிடத் துடிக்கும் இரையை விரும்பும். கெண்டைக்குஞ்சு ஒன்றின் முதுகுத் துடுப்புக்குக் கீழே, எலும்பைத் தொடாமல், சதையில் மட்டும் முள்ளை நுழைத்து விட்டால் அது நெடுநேரம் நீந்திக்கொண்டிருக்கும். மாமா தவளையையும் கோத்ததுண்டு. எனக்கு அது கடைசிவரை மனம் ஒப்பவில்லை. மண்புழுவிடம் காட்டாத தயையைத் தவளையிடம் மட்டும் காட்டுவதில் என்ன தர்மம் என்று அவர் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

இனி நரம்பு. மாமாவிடம் இருந்தது பருத்தி நூலை மூன்று புரியாக முறுக்கி, பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் காயவைத்த கருங்கயிறு. அந்தத் துவர்ப்பு ஏறிய நூல் எளிதில் இற்றுப்போகாது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவிழ்த்து, தண்ணீர் வடியக் கொடியில் போட்டு உலர்த்த வேண்டும். நானோ கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கிய தங்கூசியோடு போயிருந்தேன். வாலஸ் கரோதர்ஸ் 1935-இல் அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த நைலான், பெண்களின் காலுறையாகவும் போர்க்காலத்துப் பாராசூட்டாகவும் புகழ் பெற்று, கடைசியில் எங்கள் பக்கத்துக் கடைகளில் தங்கூசி என்ற நாமத்தோடு தொங்கிய காலம் அது. தலைமயிர்போல் மெல்லியது, கண்ணாடிபோல் தெளிந்தது. தண்ணீரில் போட்டால் மீன் கண்ணுக்கே தெரியாது என்று கடைக்காரர் சொன்னதை நான் வேதவாக்காகக் கொண்டேன்.

மாமா அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். “முழங்கை ஆழத்துல உன் கையே உனக்குத் தெரியாத தண்ணி மாப்பிள்ளே. கண்ணே இல்லாதவன்கிட்டயாடா ஒளிஞ்சுக்கறே?” என்றார்.

மெல்லிய, தெளிவான நரம்பின் பெருமை தெளிந்த நீருக்கும் கூர்ந்த கண்ணுள்ள மீனுக்கும் உரியது. சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் நாயகன் மலையாற்றுத் தெளிநீரில் வாழும் மாசீர் மீன். அக்காலத்து ஆங்கிலேயர் முள்ளையொட்டிக் கட்டியது பட்டுப்புழுவின் உடலிலிருந்து இழுத்தெடுத்த நரம்பு. அந்த மரியாதையெல்லாம் மாசீருக்குத் தகும். கெளுத்திக்கு முன் நரம்பு செய்ய வேண்டிய ஊழியம் மறைந்து நிற்பதல்ல, உராய்ந்து தாங்குவது. முள்ளில் அகப்பட்ட கெளுத்தி மேலே துள்ளாது. வேருக்கும் கல்லுக்கும் பொந்துக்கும் பாயும். அதன் இரு பக்கத் துடுப்புகளிலும் முதுகிலும் உள்ள முட்கள் விறைத்துப் பூட்டிக்கொள்ளும். அவற்றின் ரம்பப் பற்களில் நரம்பு தேய்ந்தால் மெல்லியது நிற்குமா?

எனவே கலங்கல் நீரில் சிறு கெளுத்திக்குக்கூட 0.30 மில்லிமீட்டருக்குக் குறைந்த நரம்பை நான் கட்டுவதில்லை. வாளை இருக்குமிடம் என்றால் 0.50-க்கு மேல். நைலான் இழுவைக்குச் சற்று நீண்டு கொடுக்கும். திடீர்ப் பாய்ச்சலில் மீனின் வாய் கிழியாமல் காப்பது அந்தக் குணமே. இப்போது கிடைக்கும் பின்னல் நரம்பு அதே கனத்தில் மிகுந்த பலமுடையது, மீன் மோந்து பார்ப்பதுகூடக் கைக்குத் தெரியும். ஆனால் கல்லில் உரசினால் சீக்கிரம் பிசிறிவிடும் ஆதலால் அதன் நுனியில் ஒரு பாகம் தடித்த நைலானை இணைத்துக்கொள்வது நலம். எந்த நரம்பும் முடிச்சில்தான் முதலில் சாகும். முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும். உலர்ந்தபடி இறுக்கினால் சூட்டில் நைலான் கெட்டுப்போகும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் கடைசி முழத்தை இரு விரல்களுக்கிடையே இழுத்துப் பார்த்து, சொரசொரப்புத் தட்டினால் தயங்காமல் வெட்டி எறிய வேண்டும். எறிய என்றா சொன்னேன், வெட்டி மடியில் கட்டிக்கொள்ள வேண்டும்.

வாளைக்கென்று மாமா முள்ளையொட்டி ஒரு சாண் உலோகத் தந்தி கட்டுவார். அது அக்ரஹாரத்து வீணை வித்துவான் ஒருவர் அறுந்துபோனதென்று கழித்த தந்தி. நாதம் போன பிறகும் அதற்கு ஓர் உத்தியோகம் கிடைத்ததே என்று அந்த வித்துவானே சந்தோஷப்பட்டதாகக் கேள்வி.

நான் தந்தி கட்டவில்லை. ஆடிப்பெருக்குக்கு மறுநாள் அந்தி வேளையில், மதகுக்குக் கீழே, கெண்டைக்குஞ்சைக் கோத்த என் தங்கூசியில் தக்கை ஒரு முறை அசைந்தது. பிறகு அசையவில்லை, காணாமலே போயிற்று. கழி வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. நரம்பு ஒரு கணம் கிண்ணென்று ஒலித்ததை நான் கேட்டேன். வெள்ளி விலாவொன்று செந்நீரில் புரண்டு மின்னியதையும் கண்டேன். அடுத்த கணம் கழி நிமிர்ந்துவிட்டது. நான் பின்புறமாகச் சேற்றில் உட்கார்ந்திருந்தேன். மாமா சிரிக்கவில்லை. கழியில் மிச்சமிருந்த நரம்பைப் பிடித்துப் பார்த்து, “நாலு முழம் போயிடுச்சு” என்றார்; பிறகு, முள்ளோடு போன மீனை எண்ணித்தானோ என்னவோ, வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு குழம்புக்கு அத்தை சாம்பல் போட்டுத் தேய்த்து அலசிய ஆறு கெளுத்திகளும் கருங்கயிற்றில் வந்தவை.

மாமாவின் கருங்கயிறு அவர் போன மறுவருஷமே உலர்த்துவாரில்லாமல் இற்றுப்போய்விட்டது. நைலானுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. கீழணைப் பக்கம் போகும்போதெல்லாம் கோரைகளில் சிக்கிய அறுந்த நரம்புகளைப் பார்க்கிறேன். ஒரு முறை நீர்க்காகம் ஒன்று காலும் சிறகும் பின்னிக்கொண்டு கிடந்தது, கத்தியால் அறுத்து விட்டேன். இரையை எதுவாயினும் கோத்துக்கொள்ளுங்கள். அறுந்த நரம்பை மட்டும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். அன்று நான் கொள்ளிடத்தில் விட்ட நாலு முழம் இன்னும் மட்கியிருக்காது.