பாசமிகு குடும்பத் தலைவர்

விருதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கி பஜார் பக்கம் நடந்திருக்கிறீர்களா? சுவர்களைப் பாருங்கள். நினைவஞ்சலி போஸ்டர்கள். மாலை போட்ட போட்டோவுக்குள் ஓர் அண்ணாச்சி சிரித்துக்கொண்டிருப்பார். கீழே, ‘பாசமிகு குடும்பத் தலைவர், பண்பாளர், தொழிலதிபர்’ என்று போட்டிருக்கும். நாலடி தள்ளி இன்னோர் அண்ணாச்சி. அதே மாலை, அதே வார்த்தைகள். பக்கத்திலேயே சிவகாசி. அச்சுக்குப் பேர்போன ஊர். போட்டோவையும் பெயரையும் மட்டும் மாற்றினால் போதும் போலிருக்கிறது!

குடும்பத்தையும் பார்த்து, தொழிலையும் வளர்த்த ஒரு மனிதரை நிஜமாகவே நினைவுகூர வேண்டுமென்றால் எதைப் பார்க்க வேண்டும்? இப்படி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு சிவகாசி அய்ய நாடார்தான் ஞாபகத்துக்கு வருவார்.

கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1920-களின் தொடக்கம். வானம் பார்த்த பூமி. பி.அய்ய நாடார், ஏ.சண்முக நாடார் என்று இரண்டு இளைஞர்கள், உறவுக்காரர்கள், சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போனார்கள். எட்டு மாதம் தங்கி, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். ஜெர்மனியிலிருந்து மெஷின் வரவழைத்துத் தொழில் தொடங்கினார்கள். பிறகு மெஷினை விட்டுவிட்டு, கையால் செய்யும் முறைக்கே மாறினார்கள். ஊரில் தண்ணீர்தான் இல்லை, வேலை கேட்டு நிற்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை.

1926-ல் இருவரும் தனித்தனியாகத் தொழில் செய்வதென்று பிரிந்தார்கள். அய்ய நாடாருக்கு அணில் மார்க். சண்முக நாடாருக்குக் காக்கா மார்க். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

இந்தப் பிரிவு என்னை எப்போதும் யோசிக்க வைக்கும். நான் பி.காம். படித்தவன். பார்ட்னர்ஷிப்பைக் கலைப்பது பற்றி எங்களுக்கு ஒரு பாடமே உண்டு. சொத்தை ஒரு பக்கம் எழுது, கடனை ஒரு பக்கம் எழுது, இரண்டும் டேலி ஆகிவிட்டால் முழு மார்க். வாழ்க்கையில் அப்படி டேலி ஆவதில்லை சார். எங்கள் உறவில் ஓர் அண்ணன் தம்பி பலசரக்குக் கடையைப் பிரித்தார்கள். சரக்கு ஒரே நாளில் பிரிந்துவிட்டது. கடைப் பெயர் யாருக்கு என்பதில் பதினோரு வருஷம் கோர்ட், கேஸ். அண்ணன் மகள் கல்யாணத்துக்குத் தம்பி வரவில்லை. அண்ணன் போய்ச் சேர்ந்தபோது அடித்த போஸ்டரிலும், ‘பாசமிகு குடும்பத் தலைவர்’தான்!

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சுமுகமாகப் பிரிந்தார்கள். ஒருவரை அழித்து ஒருவர் வளரவில்லை. இருவருமே தீப்பெட்டியிலிருந்து மத்தாப்புக்கும், அப்புறம் பட்டாசுக்கும் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றதும் சிவகாசிக்குப் பெரிய கதவு திறந்தது. குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக ஊரில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்கள்.

அடுத்து, 1963-ல் அவர் தொடங்கிய கல்லூரி. பெயரைக் கவனியுங்கள். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. கல்லூரி கட்டுகிறவர் தன் பெயரை வைக்கலாம், தகப்பனார் பெயரை வைக்கலாம். இவர் தன் பெயரோடு மனைவி பெயரையும் சேர்த்து வைத்தார். அறுபது வருஷமாக அங்கே படித்து வெளியே வந்த ஒவ்வொரு பிள்ளையின் டி.சி.யிலும் ஜானகி அம்மாள் இருக்கிறார். பாசத்துக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

இத்தோடு முடித்திருந்தால் இது நல்ல நினைவஞ்சலி. ஆனால், ‘குடும்பத் தலைவர்’ என்கிற பட்டம் என்னை இன்னும் கொஞ்சம் தூரம் இழுக்கிறது.

மெஷின் வேண்டாம், கை போதும் என்ற அந்த முடிவு, மழை ஏமாற்றிய கிராமங்களில் அடுப்பெரிய வைத்தது. சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது என்று பெண்கள் கையில் காசு புழங்கியது. அதே கைவேலைதான் பிற்பாடு சின்னக் கைகளையும் தேடிப் போனது. விடியுமுன் கிராமத்துக்கு பஸ் வரும். தூக்கக் கலக்கத்தோடு ஏறும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ‘தீப்பெட்டி ஆபீஸு’க்குப் போகும். ஆமாம், அங்கே ஃபேக்டரிக்கு ஆபீஸ் என்றுதான் பெயர்.

1996 டிசம்பரில், சிவகாசி குழந்தைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குழந்தையின் வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலைக்கு வழி செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பிள்ளை படிக்க வேண்டுமானால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது.

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கம் முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. சுமார் 40 பேர் போய்விட்டார்கள். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்ற அக்கம்பக்கத்திலிருந்து ஓடி வந்தவர்கள். அவர்களும் யாரோ ஒரு வீட்டின் பாசமிகு குடும்பத் தலைவர்கள்தான்.

அய்ய நாடாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர் முதல் குச்சியைக் கிழித்தவர். பின்னால் வந்தவர்கள் செய்ததற்கெல்லாம் அவரைக் கூண்டில் ஏற்ற முடியாது. ஆனால், பத்தாயிரம் வீட்டு அடுப்பு ஒரு தொழிலை நம்பி எரிகிறபோது, அதை நடத்துகிறவரின் குடும்பம் அவர் வீட்டு ரேஷன் கார்டோடு முடிந்துவிடுகிறதா, சொல்லுங்கள்?

உங்கள் வீட்டிலும் ஒரு தொழிலதிபர் இருக்கலாம். பெரிய கம்பெனியாக இருக்க வேண்டாம். ஒரு பாத்திரக்கடை, ஓர் அச்சகம், ஒரு எண்ணெய்க் கடை. இன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிட உட்காரும்போது சும்மா கேட்டுப் பாருங்கள்: “அப்பா, நம்ம கடையில மூட்டை தூக்குற முருகன் அண்ணன் இருக்காரே... அவர் மக எத்தனாவது படிக்குது?”

பதில் சட்டென்று வருகிறதா, இல்லை, “அது எதுக்குடா இப்போ?” என்று திருப்பிக் கேட்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள்.