உழைச்செல்வான்

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றோடு நான்காவதாக அவர் வைப்பது 'உழைச்செல்வான்'. அருகிருந்து மருந்தூட்டுபவர் என்பது பொருள். இன்றைய செவிலியர் அவரே. மருந்து நோயாளியைச் சேருமுன் இறுதியாக அதனைப் பார்ப்பவரும் அவரே. அவருக்குக் கனிவு மட்டும் போதுமா, நோயறிவும் மருந்தறிவும் வேண்டுமா என்பதே ஈண்டு நம் வினா.

விடையை நம் இல்லத்திலேயே கண்டோம். நம் அன்னையார் இதயத் தளர்ச்சிக்கென டிஜாக்ஸின் மாத்திரையும், நீர் பிரிவதற்கென ஃபியூரோசமைடும் உட்கொண்டு வந்தார். செவிலியர் பட்டப்படிப்புப் பயிலும் நம் தமக்கை மகள், ஒருநாள் காலை மாத்திரை கொடுக்குமுன் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் துடிப்பை எண்ணினாள். 52 இருந்தது. "அறுபதுக்குக் கீழே போனால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது, மாமா" என்றாள். மருத்துவரிடம் தெரிவித்தோம். குருதிச் சோதனையில் பொட்டாசியம் குறைந்திருந்தது. நீர் மாத்திரை பொட்டாசியத்தையும் சிறுநீரோடு வெளியேற்றும். அது குறைந்த உடலில் வழக்கமான அளவு டிஜாக்ஸினே நஞ்சாகக் கூடும். மருத்துவர் மருந்துகளைத் திருத்தினார், அன்னையார் தேறினார்.

பின்னொருநாள் குடும்பத்தோடு முக்கொம்பு சென்றபோது, இதயம் தளர்ந்தால் கால் வீங்குவானேன் என்று அவளை வினவினோம். காவிரியினின்று கொள்ளிடம் பிரியுமிடம் அது. ஆர்தர் காட்டன் 1830களில் மேலணை கட்டிய இடம். மதகுகளைக் காட்டி அவள் சொன்னாள்: "இதயம் தளர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரத்த வரத்து குறையும். ஆற்றில் தண்ணீர் இல்லையென்று மதகை அடைப்பதுபோல, அது உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்ளும். அந்த நீர்தான் காலில் இறங்குகிறது."

நோயால் உடலியக்கம் திரியும் வகையைக் கூறுவது நோய் உடலியங்கியல். மருந்து அங்கே செய்யும் தொழிலைக் கூறுவது மருந்தியல். ஒன்றை விடுத்து மற்றொன்று விளங்காது. இந்திய செவிலியர் மன்றம் 2021இல் வெளியிட்ட பட்டப்படிப்புப் பாடத்திட்டம், 3, 4ஆம் பருவங்களில் மருந்தியலையும் நோயியலையும் சேர்த்தே வைத்திருப்பது பொருத்தமானதே. மருந்தளிப்பில் நேரும் தீங்கைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் உலகளாவிய இயக்கமொன்றைத் தொடங்கியதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

செவிலியர் கல்வியை நாடும் இளையோர் மருந்துப் பெயர்களை மனனம் செய்வதோடு அமையலாகாது. ஏன் என்று வினவ வேண்டும். அறிந்ததை நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்லவும் வேண்டும். எந்த மாத்திரை எதற்கென்று அறிந்த நோயாளியே அதனைத் தவறாது உண்பார். அச்சொல்வன்மையை வளர்ப்பது தமிழ்த்துறையின் கடமையுமன்றோ!