தெவினினும் தோட்டத்து மோட்டாரும்

என்னிடம் எலக்ட்ரிகல் படித்த பிள்ளைகளுக்குத் தெவினின் தேற்றம் என்றாலே பத்து மார்க் கேள்விதான் ஞாபகம் வரும். லோடைக் கழற்று, திறந்த முனைகளில் வோல்டேஜ் பார், பேட்டரிகளை ஷார்ட் செய்து மின்தடை கண்டுபிடி, படம் போடு. எழுதிவிட்டு அன்றைக்கே மறந்துவிடுவீர்கள். இந்தக் கோடையில் அதே கணக்கு வாடிப்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலைக்கு வந்தது.

தங்கச்சி மகன் போன் போட்டான். "மாமா, போர் மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது. ரெண்டு தடவை காயில் கட்டியாச்சு. லைன்ல லோ வோல்டேஜாம், ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்றாங்க. வாங்கட்டுமா? வீட்டுத் தொட்டியில தண்ணியே இல்ல மாமா."

"பொறு மாப்ளே, நான் வர்றேன்" என்று கிளம்பினேன்.

டிரான்ஸ்பார்மர், கம்பம், மீட்டர், வீட்டிலிருந்து போர் வரைக்கும் 150 மீட்டர் ஒயர். இத்தனையையும் தனித்தனியாகப் பார்த்தால் தலை சுற்றும். தெவினின் சொல்வது, அத்தனையையும் ஒரு வோல்டேஜ், அதோடு தொடராக ஒரு மின்தடை என்று வைத்துக்கொள், மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது என்பதுதான். அவர் பிரான்சில் தந்தி இலாகா என்ஜினியர். 1883இல் எழுதினார். ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853லேயே இதைச் சொல்லியிருந்தார், ஆனால் பேர் இவருக்குத்தான் நிலைத்தது!

மோட்டாரைக் கழற்றிவிட்டு, எலக்ட்ரீஷியனை வைத்து அளந்தோம். லோடு இல்லாமல் 228 வோல்ட். யாருக்கும் குறை தோன்றாது. அங்கேயே 1000 வாட் அயர்ன் பாக்ஸைப் போட்டதும் 212. அதன் மின்தடை சுமார் 53 ஓம், ஆகவே 4 ஆம்பியர். 16 வோல்ட்டை 4 ஆம்பியரால் வகுத்தால் 4 ஓம். (ரியாக்டன்ஸை விட்டுவிட்டேன், சண்டைக்கு வராதீர்கள்.)

அதே அயர்ன் பாக்ஸை மீட்டர் பக்கத்தில் போட்டால் இரண்டு வோல்ட்கூட இறங்கவில்லை. அங்கே அரை ஓமுக்கும் குறைவு. அப்படியானால் லைனைத் திட்டிப் பயனில்லை. மீதி முழுக்க தோட்டத்து ஒயரில். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், கிலோமீட்டருக்கு 12 ஓம். போக வர 300 மீட்டர், 3.6 ஓம். கணக்கு டக்கென்று உட்கார்ந்தது.

மோட்டார் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப்போல ஐந்து மடங்காவது கேட்கும். அந்த நேரம் 4 ஓம் பாதி உயிரை உறிஞ்சிவிடும். போர் பக்கத்தில் ஸ்டெபிலைசர் வைத்தால் அது வோல்டேஜைத் தூக்குவதற்காக ஒயரிலிருந்து இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும், ஒயரில் இழப்பு இன்னும் கூடும். காசும் போய், மூன்றாவது காயிலும் போயிருக்கும்.

6 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்தான். ஸ்டெபிலைசரைவிடச் செலவு கூடத்தான், முனகிக்கொண்டே கொடுத்தான். இப்போது மொத்தம் 1.3 ஓம். அயர்ன் பாக்ஸுக்கு 222 வோல்ட் நிற்கிறது, மோட்டார் ஒரே உதையில் கிளம்புகிறது.

பழைய ஒயருக்கு நார்ட்டன் கரண்ட் எவ்வளவு என்று கமெண்டில் போடுங்கள். காகிதத்தில் மட்டும். யாரும் முனைகளை ஷார்ட் செய்து பார்த்துவிடாதீர்கள்!