எண் சொல்வதும் என்ஜின் சொல்வதும்

ஐம்பது அறுபது வருஷப் பழைய அமெரிக்கக் கார் ஒன்றின் பானட்டைத் திறந்தால், முதலில் கண்ணில் படுவதெல்லாம் சுலபமாக மாற்றிவிடக்கூடிய சமாசாரங்கள்தான். ஏர் கிளீனர் மூடியில் ஒட்டிய ஸ்டிக்கர், குரோம் பூசிய வால்வு கவர், பிளாக்கின் மேல் அடித்த ஆரஞ்சு பெயின்ட் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு ‘செவர்லே 350’ என்று சொல்லிவிடுவோர் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் இவற்றை ஒதுக்கிவிட்டு வார்ப்பு எண்ணைத் தேடுவார்கள். அதுவும் போதாது என்பது என் கட்சி. என்ஜினின் அடையாளம் ஒரே இடத்தில் எழுதி வைக்கப்படவில்லை. இரும்பை வார்த்தபோது பதிந்த எண், பாகங்களைப் பூட்டி முடித்தபோது குத்திய எழுத்து, இன்று அளந்தால் கிடைக்கும் அளவு ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் அடையாளம் உறுதி. ஒத்துப்போகாவிட்டால் அந்த முரணே அந்த என்ஜினின் வரலாற்றைச் சொல்லும்.

செவர்லேயின் ‘ஸ்மால் பிளாக்’ வி8 என்ஜினை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். எட் கோல் தலைமையில் உருவான இந்த என்ஜின் 1955 மாடல் கார்களில் 265 கன அங்குலக் கொள்ளளவோடு வந்தது. 1957-இல் 283, 1962-இல் 327, 1967-இல் 350, 1970-இல் 400 என்று வயிறு பெருத்ததே தவிர உடம்பு வளரவில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களின் மையங்களுக்கு நடுவே 4.4 அங்குலம் என்ற இடைவெளி எல்லாவற்றிலும் ஒன்றுதான். அதனால் ஒன்றைக் கழற்றிவிட்டு இன்னொன்றைப் பெரிய வெட்டு ஒட்டு இல்லாமல் மாட்டிவிடலாம். அமெரிக்கர்கள் தாராளமாக மாட்டவும் செய்தார்கள். வெளித்தோற்றத்தில் சில தடயங்கள் இருக்கின்றன. 1955-இன் 265 பிளாக்கில் ஆயில் ஃபில்டர் மாட்ட இடமே கிடையாது. பிளாக்கின் பக்கவாட்டில் மவுன்ட் போல்ட்டுக்கான துளைகள் 1958 முதல்தான் வந்தன. ஆனால் இவை காலத்தைத் தோராயமாகக் காட்டுமே ஒழிய, இது 327-ஆ 350-ஆ என்ற கேள்விக்குப் பதில் தராது.

வார்ப்பு எண் இருப்பது பிளாக்கின் பின்கோடியில், கியர்பாக்ஸ் பொருந்தும் விளிம்பில், டிரைவர் பக்கமாக. பல வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினால் புடைப்பான இலக்கங்கள் தெரியும். 3970010 என்று தெரிந்தால் பலரும் ‘350’ என்று தீர்த்துவிடுவார்கள். ஆனால் 1969-இல் இதே எண்ணுள்ள பிளாக் 302, 327, 350 ஆகிய மூன்றுக்கும் பயன்பட்டது. மூன்றிலும் சிலிண்டர் விட்டம் 4 அங்குலம். கிராங்க் ஷாஃப்ட் மட்டும் வேறு: ஸ்ட்ரோக் 302-இல் 3 அங்குலம், 327-இல் 3.25, 350-இல் 3.48. ஆக, வார்ப்பு எண் பாத்திரத்தைச் சொல்கிறது, உள்ளே இருக்கும் பண்டத்தைச் சொல்வதில்லை. வார்த்த தேதியும் பின்பக்கத்திலேயே இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். ‘ஜி109’ என்றால் ஏழாம் எழுத்துக்கு ஜூலை, 10-ஆம் தேதி, ஒன்பதில் முடியும் ஆண்டு. அது 1969-ஆ 1979-ஆ என்பதை இந்தத் தேதி சொல்லாது. 3970010 பிளாக்கோ எழுபதுகளின் இறுதி வரை வார்க்கப்பட்டது.

இந்தச் சிக்கலை அவிழ்ப்பது முன்பக்க முத்திரை. வலப்புற சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், பிளாக்கில் வழவழப்பாகச் செதுக்கிய ஒரு சிறு மேடை இருக்கிறது. அங்கே ‘வி0720டிஇசட்’ என்று குத்தியிருந்தால், ‘வி’ ஃபிளின்ட் தொழிற்சாலை, 0720 ஜூலை 20, ‘டிஇசட்’ 1969 கமாரோ இசட்/28-க்கான 302 என்று பொருள். 1970 மாடலிலிருந்து கடைசிக் குறியீடு மூன்று எழுத்தாகிவிட்டது. ஆகவே இரண்டே எழுத்து இருந்தால் பின்னால் உள்ள ஒன்பதை 1979 என்று படிக்க வழியில்லை. ஜூலை 10-இல் வார்த்து 20-இல் பூட்டியிருக்கிறார்கள் என்பதும் வரிசையாக வருகிறது. முத்திரைத் தேதி வார்ப்புத் தேதிக்கு முந்தியிருந்தால் ஒன்று பொய் என்று உடனே தெரிந்துவிடும்.

‘இவ்வளவு அலைச்சல் எதற்கு? காரின் அடையாள எண் இருக்கிறதே!’ என்று கேட்கலாம். 1969 கமாரோவின் எண்ணில் 123 என்று தொடங்கினால் ஆறு சிலிண்டர், 124 என்று தொடங்கினால் வி8. எந்த வி8 என்பதற்கு அதில் பதில் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸ் என்ஜின் வகையையும் எண்ணுக்குள் சேர்த்தது 1972 மாடலிலிருந்து. அப்போதும் அது ஆலையை விட்டுக் கிளம்பிய நாளின் நிலவரம்தான்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. எண்களெல்லாம் சேகரிப்பாளர்களின் பகட்டு, மெக்கானிக்குக்கு வேண்டியது அளவு மட்டுமே என்பது அது. ஹெட்டைக் கழற்றி விட்டத்தையும் ஸ்ட்ரோக்கையும் அளந்தால் உண்மை வந்துவிடும் என்பார்கள். பாதி சரி. விட்டம் 4, ஸ்ட்ரோக் 3 என்று அளவு வந்தால் எட்டு சிலிண்டருக்கு ஏறக்குறைய 302 கன அங்குலம். ஆனால் 283-இன் விட்டம் 3.875 அங்குலம், ஸ்ட்ரோக் அதே 3. அதை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு கடைந்து பெரிதாக்குவது அந்தக் காலத்து ஹாட் ராட் பிரியர்களின் பழைய வித்தை. அப்படிச் செய்தாலும் 4-க்கு 3 என்றே டேப் காட்டும். அளவில் இரண்டும் இரட்டைப் பிறவிகள். ஆனால் ஒன்று ஆலையிலேயே பெரிய விட்டத்தோடு வார்த்த பிளாக், மற்றது சுவரைச் சுரண்டி மெலியவைத்த பிளாக். எது எது என்று வார்ப்பு எண்தான் சொல்லும். ஒரே எண்ணில் மூன்று கொள்ளளவு, ஒரே கொள்ளளவில் இரண்டு பிறப்பு: இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணும் அளவும் ஒன்றுக்கொன்று ஏன் தேவை என்பது புரியும்.

கொள்ளளவை வைத்துப் பெயர் சூட்டும் வழக்கம் குழப்பத்தை இன்னும் கூட்டுகிறது. எழுபதுகளில் செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் நான்குமே ‘350’ விற்றன. ஒரே நிறுவனத்தின் பிரிவுகள்தான்; என்ஜின்களோ தனித்தனி. பியூக்கில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்னால், செவர்லேயில் பின்னால். 1977-இல் ஓல்ட்ஸ்மொபைல் டெல்டா 88 வாங்கிய பலருக்கு உள்ளே இருப்பது செவர்லே 350 என்று பிற்பாடுதான் தெரிந்தது. மாநில அட்டர்னி ஜெனரல்கள் வழக்குத் தொடுத்தார்கள், நிறுவனம் சமரசத்துக்கு இறங்கிவந்தது, என்ஜின்கள் வெவ்வேறு பிரிவுகளில் தயாரானவையாக இருக்கலாம் என்ற அறிவிப்பு விளம்பரங்களில் ஏறியது. அளவு ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது என்பது பொதுமக்களுக்கும் பட்டது.

முத்திரையை நம்பலாமா என்பது கடைசிக் கேள்வி. டிஇசட் என்ற இரண்டு எழுத்துக்கு நல்ல விலை உண்டு; விலை உள்ள இடத்தில் போலியும் உண்டு. பிளாக்கின் மேல்முகத்தை மட்டம் செய்யும்போது பழைய முத்திரை போய்விடும், ஆலையின் எந்திரம் விட்ட நுண்ணிய இழைக்கோடுகளும் போய்விடும். எழுத்து புதுசாக இருந்து கோடுகள் இல்லாவிட்டால் சந்தேகப்படுவதே நியாயம். இதனால் முத்திரையே வேண்டாம் என்று ஆகாது. முத்திரை மட்டும் போதாது என்றுதான் ஆகிறது. ‘1969-இல் வார்த்த பிளாக், உள்ளே 350 கிராங்க், முத்திரை அழிந்திருக்கிறது’ என்று எழுதிக் கொடுத்தால் விற்பனை விலை இறங்கலாம். ஆனால் எந்தப் பிஸ்டன், எந்தக் கிராங்க் பேரிங் வாங்க வேண்டும் என்று அந்தக் குறிப்பை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.