தறியின் அட்டையும் நம் கணினியும்



ஆரணியில் பட்டுத்தறியின் ஓசை கேட்காத தெருக்கள் குறைவு. பட்டு உடுத்துவது ஆண்களாகிய நமக்கு மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ஆயினும் நாம் வளர்ந்தது அந்த ஓசையில்தான். அதனாலோ என்னவோ, விசைப்பலகையின் தட்டொலி இன்றும் நம் செவிக்கு இனிக்கிறது.

ஃபஜ்ர் தொழுதுவிட்டுத் தேநீருடன் கணினி முன் அமரும் அரைமணி நேரமே நம் நாளின் சிறந்த பொழுது. சென்னை ரிச்சி தெருவில் உதிரிபாகங்கள் வாங்கிவந்து, பிறர் ஒதுக்கிய கணினியை மீண்டும் ஓடச் செய்வதில் நமக்குத் தனி மகிழ்ச்சி. புதியது வாங்குமுன் பழையதில் ஒரு எஸ்எஸ்டி பொருத்திப் பாருங்கள் என்று கேட்போருக்கெல்லாம் சொல்வோம். தமிழில் தட்டச்சு செய்ய, 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையே சிறந்தது என்பதும் நம் கருத்து. அதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்துள்ளன. கைகள் மாறி மாறி இயங்கும்போது, பாவின் ஊடே நாடா போய்வருவதுபோல் தோன்றும்.

இந்த ஒப்புமை வெறும் கற்பனையன்று. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளால் தறியை இயக்கும் முறையை வகுத்தார். அட்டையில் துளை இருந்தால் இழை உயரும், இல்லையேல் உயராது. ஜக்கார்டின் உருவத்தையே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்தார்கள். அப்பட்டுப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கும் அட்டைகளையே தேர்ந்தார். துளை உண்டு, துளை இல்லை என்பதற்கும் இன்றைய கணினியின் ஒன்று, பூஜ்யம் என்பதற்கும் உறவு நெருக்கமானது.

நம் அண்டை வீட்டு நெசவாளருக்கு இந்தக் கதையை ஒரு மாலையில் சொன்னோம். அவருக்கு வியப்பு. வடிவங்களைக் கணினியில் வரையவும் ஆர்வம் பிறந்தது. படம் வரையும் மென்பொருள் ஒன்றை நம் கணினியில் திறந்து காட்டினோம். ஒவ்வொரு சிறு கட்டமும் ஓர் இழை ஏற வேண்டுமா, வேண்டாமா என்பதைச் சொல்லும். இரண்டு வாரம் உழைத்து, மாங்காய்க்குள் மயில் அமைந்த ஒரு பார்டரை வரைந்தார்.

அட்டை அடிக்கக் கொடுத்த இடத்தில் யாரோ அந்தக் கோப்பை நகலெடுத்துவிட்டார்கள். அவருடைய சேலை தறியை விட்டு இறங்குமுன்னரே, அதே மயில் வேறொரு கடையில் தொங்கியது. கண் கலங்க வந்தவரிடம் நாம் கோபத்துடன் பேசினோம். “இது பச்சைத் திருட்டு அண்ணே! ஒருத்தர் உழைப்பை இப்படி எடுத்துக்கலாமா?” என்றோம்.

அவர் எவ்விதக் குத்தலும் இன்றிக் கேட்டார்: “உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம் காசு கொடுத்து வாங்கினதுதானே பாய்?”

நாம் வாயடைத்துப் போனோம். அவருக்குக் காட்டிய அந்த மென்பொருளே பூட்டை உடைத்த நகல்தான். அது மட்டுமா? அத்தகைய நகல்கள் நிறைந்த ஒரு பென்டிரைவுடன் தெருவெங்கும் சென்று, காசு வாங்காமல் நிறுவிக் கொடுத்து, நல்ல பிள்ளை என்று பெயரும் வாங்கியிருந்தோம். பணம் வாங்காதது சேவை என்றே எண்ணியிருந்தோம். பிறர் பொருளை வாரி வழங்குவது எப்படி ஸதகாவாகும்?

இதில் மார்க்கத் தீர்ப்பும் தெளிவாகவே இருக்கிறது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாசிரியரின் உரிமை, கண்டுபிடிப்பின் உரிமை போன்றவை ஷரீஅத்தால் காக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறுதல் கூடாது என்று முடிவு செய்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கணினி நிரல்களைக் காக்கிறது.

அன்றிரவே நம் கணினியைத் துடைத்து, லினக்ஸ் நிறுவினோம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்குமுள்ள பலர் உழைத்து வளர்த்தது அது. அதைப் பிறருக்கு நகலெடுத்துக் கொடுக்க, ஆக்கியோரே அனுமதி அளித்திருக்கிறார்கள். படம் வரைய ‘கிம்ப்’ இருக்கிறது. மாற்று கிடைக்காத ஒரு மென்பொருளை மட்டும் நான்கு மாதம் பணம் சேர்த்து வாங்கினோம்.

கடினமானது அதற்கடுத்த வேலைதான். நகல் நிறுவிக் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் சென்று, “நாங்கள் செய்தது தவறு” என்று சொன்னோம். சிலர் மாற்றிக்கொண்டார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர் இன்றும் நம்மை ‘ஹலால் கம்ப்யூட்டர்’ என்றே அழைக்கிறார். அழைக்கட்டும்.

நெசவாளர் அண்ணன் இப்போது நம் லினக்ஸ் கணினியில் புதிய பார்டர் ஒன்றை வரைகிறார். காலைத் தேநீரும் விசைப்பலகையின் ஓசையும் முன்போலவே இருக்கின்றன. மனத்தில் ஒரு முள் குறைந்திருக்கிறது. உங்கள் வீட்டுக் கணினியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நம் சிறு இன்பங்களையும் ஹலாலானவையாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.